கேலரியில் எந்தப் பதாகை? கால்பந்தும் சமூகப் பிரச்சினைகளும்

பெரம்பூர் இடதுகால் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நேரு விளையாட்டரங்கில் நாங்கள் வழக்கமாக உட்காரும் பகுதியில், நம் சென்னையின் எஃப்.சி. அணியின் அடுத்த சொந்த மண் ஆட்டத்தின்போது ஒரு பதாகை பிடிக்கலாம் என்று எங்கள் நண்பர் வட்டத்தில் சிலர் முன்மொழிந்தோம். "மாநகராட்சித் திடல்கள் என்றும் இலவசமாகவே இருக்கட்டும்" என்பதுதான் வாசகம். வட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் உடனே ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள், ஆட்டம் பார்க்க வந்த இடத்தில் ஊர்ப் பிரச்சினை எதற்கு என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்கள் பல ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் அணியோடு நிற்பவர்கள் என்பதால், அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதனால்தான் இங்கே பொதுவில் வைக்கிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2024 அக்டோபர் இறுதியில், மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, விளையாடும் ஒருவரிடம் மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு பல பக்கங்களிலிருந்தும் எழுந்ததால் அது உடனடியாகத் திரும்பப் பெறப்பட்டது. பக்கத்துக்குப் பதினொரு பேர் நின்று ஒரு மணி நேரம் விளையாடினால் 2,640 ரூபாய். வடசென்னையில் மாலை வேளையில் வெறுங்காலோடு திடலுக்கு ஓடிவரும் பிள்ளைகளில் எத்தனை பேரால் அதைக் கொடுக்க முடியும்? தீர்மானம் போய்விட்டது, ஆனால் பராமரிப்புக்கு நிதி இல்லை என்ற பேச்சு மீண்டும் எழும்போதெல்லாம் அதே யோசனை வேறு பெயரில் திரும்பி வரக்கூடும் என்று அஞ்சுகிறேன்.

என் பார்வையில் இது முழுக்க முழுக்கக் கால்பந்துப் பிரச்சினை. நண்பர்கள் சிலர் இதைச் சமூகப் பிரச்சினை என்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாதா என்பதே என் கேள்வி.

நீலச்சட்டை

நண்பரே, எதிர்த்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் என் தரப்பை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். திடல்கள் இலவசமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பதாகையை ரிப்பன் மாளிகைக்கு வெளியே பிடியுங்கள், நானும் வருகிறேன். அரங்கிற்குள் வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

2015இல் கோவாவில் கடைசி நிமிடங்களில் ஆட்டத்தைப் புரட்டிப் போட்டு 3-2 என்று கோப்பையை வென்றோம். 2018இல் பெங்களூருவில் அவர்கள் மண்ணிலேயே மீண்டும் 3-2. அந்த அணியின் ரசிகர்கள், 2024-25 பருவத்தில் 13 அணிகளில் 11ஆம் இடத்தைப் பார்த்தோம். அதன் பிறகு 2025 ஜூலையில், ஒளிபரப்பு மற்றும் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத குழப்பத்தில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடரே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் நம் கிளப்பும் செயல்பாடுகளை நிறுத்துவதாக அறிவித்தது. அணி இருக்குமா, இருக்காதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்த ரசிகனுக்கு, ஆட்டம் நடக்கும் 90 நிமிடங்கள் எவ்வளவு அரியவை என்பதை நினைத்துப் பாருங்கள். வாரம் முழுவதும் வேலையிலும் வீட்டிலும் இருக்கும் கவலைகளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருகிறவனிடம் இன்னொரு கவலையை நீட்டுவது நியாயமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2018 ஏப்ரலில் காவிரிக்காகச் சென்னை கொந்தளித்தபோது சேப்பாக்கம் ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெளியே போராட்டம், உள்ளே மைதானத்தை நோக்கிக் காலணி வீச்சு, அடுத்த நாட்களில் எஞ்சிய ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றம். காவிரி உரிமையில் எனக்கு இருக்கும் உறுதி யாருக்கும் குறைந்ததல்ல. ஆனால் அந்த முடிவால் ஒரு டி.எம்.சி. நீர் கூடுதலாக வரவில்லை. ஓர் ஊர் தன் அணியைப் பார்க்கும் வாய்ப்பை இழந்ததுதான் மிச்சம். கிரிக்கெட் எங்கு போனாலும் பிழைத்துக்கொள்ளும். காலியான கேலரிகளோடு தடுமாறும் கால்பந்து அப்படி ஓர் அடியைத் தாங்காது.

இன்று திடல் பதாகைக்கு இடம் கொடுத்தால் நாளை கட்சிக்கொடி வரும்போது எந்த வாயால் மறுப்பீர்கள்?

வியாசை மகள்

நீலச்சட்டை அண்ணா, உங்கள் பதிவை மதிப்போடுதான் படித்தேன். ஆனால் கவலைகளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரலாம் என்று நீங்கள் சொல்லும் அந்த வாசல் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறப்பதில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

நான் வியாசர்பாடியில் கால்பந்து ஆடி வளர்ந்தவள். எங்கள் பகுதியைக் குட்டி பிரேசில் என்று செய்தித்தாள்கள் எழுதும். இந்திய அணிக்கும் ஐ.எஸ்.எல். அணிகளுக்கும் ஆட்டக்காரர்களைத் தந்த பகுதி. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் ஒரு பெண் கால்சட்டை அணிந்து தெருவைக் கடந்து திடலுக்குப் போவதே எங்கள் வீட்டில் ஒரு சமூகப் பிரச்சினையாக இருந்தது. உடை மாற்ற இடமில்லை, கழிப்பறை இல்லை, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், பையன்கள் ஆடி முடித்த பிறகு கிடைக்கும் அரை மணி நேரம்தான் எங்களுக்கு. இவற்றையெல்லாம் தாண்டினால்தான் பந்தைத் தொட முடியும். விளையாட்டைத் தனியாகவும் சமூகத்தைத் தனியாகவும் பார்க்கும் வசதி எங்களில் எவருக்கும் ஒருநாளும் கிடைத்ததில்லை.

தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனது. மணிப்பூரை! பெண்கள் கால்பந்தில் அந்த மாநிலத்தின் ஆதிக்கம் எத்தகையது என்று அறிந்தவர்களுக்கே அந்த வெற்றியின் அளவு புரியும். 2023இல் அமிர்தசரசில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மீண்டும் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் ஆடினார், தமிழ்நாடு காவல்துறையிலும் பணியாற்றினார். நம் கேலரியில் உட்காரும் ரசிகர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்திகள் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். ரசிகர்களின் எதிர்பார்ப்பு என்று நாம் பேசும்போது, யாரிடம் என்ன எதிர்பார்க்கிறோம், யாரிடம் எதுவுமே எதிர்பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

2022 ஜூன் மாதத்தில், 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணி ஐரோப்பாவில் பயிற்சிப் பயணத்தில் இருந்தபோது, பாலியல் முறைகேட்டுக்காகத் துணைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அந்தச் சிறுமிகளுக்காக எந்த அரங்கில் எந்தப் பதாகை எழுந்தது? அதே ஆண்டு ஆகஸ்டில், இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் நிர்வாகக் குழப்பத்தால் ஃபிஃபா விதித்த தடையில் கோகுலம் கேரளா பெண்கள் அணி தாஷ்கண்ட் வரை போய் ஆசியப் போட்டியில் ஆட முடியாமல் திரும்பியது. மேலே இருப்பவர்கள் செய்யும் பிழைக்குக் கீழே ஆடுபவர்கள் விலை கொடுக்கிறார்கள். அதைக் கேட்கக் கேலரிக்கும் உரிமையில்லை என்றால் வேறு யார் கேட்பார்கள்?

அடையாறு கோல்கீப்பர்

ஒரு சிறு இடைக்குறிப்பு. 2016 பிப்ரவரியில், 77 பவுண்டு டிக்கெட் அறிவிப்பை எதிர்த்து, சண்டர்லேண்டுடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் லிவர்பூல் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியேறினார்கள். கிளப் சில நாட்களிலேயே பணிந்தது. அடுத்த மாதம் பிரீமியர் லீக் கிளப்புகள் அனைத்தும் வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் விலைக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்தன. கட்டணம் என்பது பொருளாதாரப் பிரச்சினை, அதாவது சமூகப் பிரச்சினை. ஆனால் அன்று எந்த ரசிகரும் அதை ஆட்டத்திற்குத் தொடர்பில்லாதது என்று சொல்லவில்லை. திடல் கட்டணத்துக்கும் டிக்கெட் கட்டணத்துக்கும் என்ன வேறுபாடு என்று நீலச்சட்டை விளக்கினால் நன்றாக இருக்கும்.

தோஹாவிலிருந்து

கத்தாரில் வேலை பார்க்கும் சென்னைக்காரன் நான். 2022 உலகக்கோப்பைக்கு முன்பும் பின்பும் இங்கேதான் இருந்தேன், இருக்கிறேன். இந்த இழையில் என் அனுபவம் ஓரளவு பயன்படும் என்று நினைக்கிறேன்.

அந்த அரங்குகளையும் மெட்ரோவையும் சாலைகளையும் கட்டியவர்கள் பெரும்பாலும் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கையிலிருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் அவர்களில் இருந்தார்கள். இந்த ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்டோர், போட்டி கத்தாருக்கு வழங்கப்பட்ட பிறகான பத்தாண்டுகளில் அங்கே இறந்ததாகக் 'கார்டியன்' நாளிதழ் 2021இல் எழுதியது. அந்த எண் எல்லாத் துறைகளிலும் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகளைச் சேர்த்தது என்றும், அரங்கக் கட்டுமானப் பணியில் இறந்தவர்கள் வெகு சிலரே என்றும் கத்தார் மறுத்தது. பின்னர் போட்டியின் தலைமை அமைப்பாளரே ஒரு பேட்டியில், போட்டி தொடர்பான பணிகளில் 400 முதல் 500 பேர் வரை இறந்திருக்கலாம் என்றார். எந்தக் கணக்கை ஏற்றாலும், பெட்டியில் ஊர் திரும்பியவர்களின் வீடுகளுக்கு அந்தக் கோப்பை வேறு பொருள் தரும்.

போட்டி தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, கால்பந்தில் கவனம் செலுத்துங்கள் என்று 32 அணிகளுக்கும் ஃபிஃபா கடிதம் எழுதியது. பாகுபாட்டை எதிர்க்கும் ஒன் லவ் கைப்பட்டையை அணிந்தால் கேப்டனுக்கு மஞ்சள் அட்டை என்று எச்சரித்தது. ஜெர்மனி ஆட்டக்காரர்கள் ஜப்பானுக்கு எதிரான ஆட்டத்திற்கு முன் வாயைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தார்கள். ஆட்டத்தில் 2-1 என்று தோற்றார்கள். உலகம் முழுவதும் அந்தப் படத்தைப் பற்றி வாரக்கணக்கில் பேசியது. என்னோடு தங்கியிருந்த தொழிலாளர்கள் அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவர்கள் பேசியதெல்லாம் பாக்கிச் சம்பளத்தையும், ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனையும் பற்றித்தான்.

ஆனால் இதிலிருந்து நீலச்சட்டை சொல்லும் முடிவுக்கு நான் வரவில்லை. 2020இல் இங்கே சட்டம் மாறியது. முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமலே தொழிலாளி வேறு வேலைக்கு மாறலாம் என்றானது. 2021 மார்ச் முதல் எல்லா நாட்டினருக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால் என்று நடைமுறைக்கு வந்தது. அமலாக்கத்தில் ஓட்டைகள் நிறைய உண்டு. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அந்த மாற்றம் உலகக்கோப்பை என்ற ஒன்று இல்லாமல் வந்திருக்காது. தொழிற்சங்கங்களும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஆண்டுக்கணக்கில், இன்ன சட்டத்தை இன்னவாறு மாற்று என்று குறிப்பாகக் கேட்டதால் கிடைத்தது அது. ஒரு படத்தால் கிடைத்ததல்ல.

ஆகவே பெரம்பூர் நண்பருக்கு என் ஆலோசனை: பதாகையில் கோரிக்கை இருக்கட்டும், அது யாரிடம் வைக்கப்படுகிறது என்பதும் தெரியட்டும். "திடல்கள் இலவசமாக இருக்கட்டும்" என்பது நல்ல விருப்பம்தான். யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை.

முன்னாள் நடுவர்

உள்ளூர் லீக் ஆட்டங்களில் நீண்ட காலம் விசில் பிடித்தவன் என்ற முறையில் விதிகளைப் பற்றிச் சில செய்திகள். இவற்றைத் தெரிந்துகொண்டு பேசினால் விவாதம் இன்னும் தெளிவாகும்.

ஆட்ட விதிகளின் நான்காம் விதிப்படி, ஆட்டக்காரரின் உடையில் அரசியல், மதம், சொந்தக் கருத்து சார்ந்த வாசகமோ படமோ இருக்கக்கூடாது. கோல் அடித்த மகிழ்ச்சியில் ஜெர்சியைத் தூக்கி உள்சட்டையில் எழுதியதைக் காட்டுவதற்கும் இடமில்லை. பார்வையாளர்கள் இந்த விதிக்குள் வரமாட்டார்கள். அவர்களைக் கட்டுப்படுத்துவது அரங்க நடத்தை விதிகள். அரசியல் பதாகை, இனவெறிப் பதாகை, பிறரை அவமதிக்கும் பதாகை ஆகியவற்றை ஃபிஃபா தன் அரங்குகளில் தடை செய்கிறது, தேசிய அளவிலும் ஏறக்குறைய இதே போக்குதான். "திடல் இலவசம்" என்பது அரசியலா, இல்லையா என்பதைப் போட்டி அதிகாரியும் காவலரும் வாசலில் நின்று முடிவு செய்வார்கள். ஆகவே முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

அரசியல் எது என்ற கோடு நிலையானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில், போரில் இறந்தவர்களின் நினைவாகப் பாப்பி மலர் சின்னம் அணிந்ததற்காக இங்கிலாந்து, ஸ்காட்லாந்து அணிகளுக்கு அடுத்த மாதம் ஃபிஃபா அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டே விளக்கம் மாற்றப்பட்டு, அதே மலர் அனுமதிக்கப்பட்டது. 2022இல் போர் தொடங்கிய சில நாட்களிலேயே ரஷ்ய அணிகள் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன; அப்போது கால்பந்தில் அரசியல் கூடாது என்று அதே நிர்வாகம் சொல்லவில்லை. மேலிருப்பவர்கள் விரும்பும்போது அரசியலைக் கொண்டுவரலாம், கீழிருப்பவர்கள் கொண்டுவந்தால் தவறு என்ற நிலை எனக்கு உடன்பாடானதல்ல.

இறுதியாக, நான் நேரில் கேட்டவற்றில் என்னை மிகவும் வருத்தியது எதிரணியின் வடகிழக்கு ஆட்டக்காரர்களைப் பார்த்து நம் ஊர்க் கேலரிகளிலிருந்தே எழுந்த சில சொற்கள். மிசோரமிலிருந்து வந்த ஜேஜே லால்பெக்லுவாவைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊர் இது. அவர் இப்போது தன் மாநிலத்தில் சட்டமன்ற உறுப்பினர். தன் அணிக்காக ஆடினால் ஜேஜே, எதிரணியில் ஆடினால் வசைச்சொல் என்றால், அந்தக் கொண்டாட்டத்தில் அன்பு எவ்வளவு இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. இனவெறிக் கோஷம் எழுந்தால் ஆட்டத்தை நிறுத்துவது, அணிகளை வெளியே அழைப்பது, தேவையானால் ஆட்டத்தையே கைவிடுவது என்ற மூன்று படிகள் நடுவருக்கு உண்டு. 2023 மே மாதத்தில் வாலென்சியாவில் கறுப்பின ஆட்டக்காரர் வினிசியஸ் ஜூனியரை இனவெறியோடு அவமதித்த மூவருக்கு அடுத்த ஆண்டு ஸ்பெயின் நீதிமன்றம் எட்டு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. சமூகம் அரங்கிற்குள் வருவதைத் தடுக்கவே முடியாது. அது டிக்கெட் வாங்கி உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

நீலச்சட்டை

முன்னாள் நடுவர் ஐயா சொன்ன இனவெறி விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. அது ஆட்டக்காரரின் பாதுகாப்பு. அதற்காக ஆட்டத்தை நிறுத்தினாலும் நான் கைதட்டுவேன். சகோதரி வியாசை மகள் எழுதியவற்றில் பாதி எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் என் அச்சத்தின் ஒரு பகுதி அப்படியே இருக்கிறது. நல்ல நோக்கத்தில் தொடங்குவது கட்டாயமாக மாறுவதைப் பார்த்திருக்கிறோம். 2020 ஜூனில் பிரீமியர் லீக்கில் ஆட்டக்காரர்கள் இனவெறிக்கு எதிராக மண்டியிடத் தொடங்கியபோது அதில் உண்மையான வலி இருந்தது. 2021 தொடக்கத்தில் வில்ஃப்ரிட் சாஹா, அது ஆட்டத்துக்கு முந்தைய வழக்கமான சடங்காகிவிட்டது என்று சொல்லி, தான் நிமிர்ந்து நிற்கப்போவதாக அறிவித்தார். தன் மீது இனவெறி வசவுகளை ஏராளமாகச் சுமந்த கறுப்பின ஆட்டக்காரர் அவர். அவருடைய சொல்லை யாரால் தட்ட முடியும்? 2024 டிசம்பரில் இப்ஸ்விச் கேப்டன் சாம் மோர்சி தன் மத நம்பிக்கை காரணமாக, பாலினச் சிறுபான்மையினரை ஆதரிக்கும் வானவில் கைப்பட்டையை அணியவில்லை. கிறிஸ்டல் பேலஸின் மார்க் குவேஹி அணிந்தார், ஆனால் அதன்மேல் இயேசுவைப் பற்றி எழுதிக்கொண்டார். இருவரையும் கூட்டம் இரு பக்கமும் நின்று இழுத்தது. பந்தை ஆடத்தான் ஒப்பந்தம்; உலகத்தின் எல்லாக் கேள்விகளுக்கும் கையில் பதிலை அணிந்துகொண்டு வர வேண்டும் என்று அவர்களிடம் எதிர்பார்ப்பது கொடுமை.

அடையாறு நண்பர் கேட்டதற்குப் பதில்: டிக்கெட் விலையை நிர்ணயிப்பது கிளப், அதனால் அரங்கில் கேட்பது சரி. திடல் கட்டணத்தை நிர்ணயிப்பது மாநகராட்சி. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெரம்பூர் இடதுகால்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பொறுமையான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை. சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நீலச்சட்டை சுட்டிய கட்டாயத்தைப் பற்றி முதலில். அதில் அவரோடு முழுமையாக உடன்படுகிறேன். மேலிருந்து வரும் ஆணையையும், ஒருவர் தன் வாழ்விலிருந்து பேசுவதையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்த விவாதம் எங்கும் குழம்புகிறது. லீக் நிர்வாகம் ஒரு கைப்பட்டையை அச்சடித்து எல்லாக் கேப்டன்களுக்கும் விநியோகிக்கும்போது அதில் யாருடைய மனசாட்சியும் இல்லை. மறுப்பவர்தான் செய்தியாகிறார், பிரச்சினை செய்தியாவதில்லை. ஆனால் இங்கிலாந்து ஆட்டக்காரர் மார்கஸ் ரஷ்ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசப் பள்ளி உணவைச் சாப்பிட்டு வளர்ந்தவர். 2020 ஜூன் 15 அன்று, கோடை விடுமுறையிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த உணவு கிடைக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த கடிதம் எழுதினார். முடியாது என்று சொல்லியிருந்த அரசு மறுநாளே இறங்கி வந்தது. ஏறத்தாழ 13 லட்சம் பிள்ளைகள் பயன்பெறும் திட்டம். அப்போது அவருக்கு வயது 22. யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை. மதிய உணவு பள்ளிக்குப் பிள்ளைகளை எப்படி அழைத்துவரும் என்பதை அறிந்த தமிழ்நாட்டில் அந்தக் கடிதத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஓராண்டு கழித்து யூரோ இறுதியாட்டத்தில் அவர் பெனால்டியைத் தவறவிட்டபோது, அவரும் சாஞ்சோவும் சாக்காவும் இனவெறி வசவுகளில் குளித்தார்கள். அரசியல் பேசாமல் ஆட்டத்தை மட்டும் பார் என்று ஒரு தரப்பு சொன்னதையும் கேட்டோம். பெனால்டிக்கும் பள்ளி உணவுக்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நம் நாட்டிலேயே இதைவிடக் கடினமான உதாரணம் ஒன்று இருக்கிறது. 2023 ஜூலையில் பெங்களூருவில் குவைத்தைப் பெனால்டியில் வென்று இந்திய அணி தெற்காசிய சாஃப் கோப்பையை வாங்கும்போது, மணிப்பூர்க்காரரான ஜீக்சன் சிங் ஏழு நிறக் கொடியைப் போர்த்திக்கொண்டு நின்றார். அது மைதேயி மக்களின் கொடி. மைதேயி, குகி மக்களுக்கிடையிலான மோதலில் மணிப்பூர் பற்றியெரிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ஒரு சமூகத்தின் கொடியைத் தேசிய அணியின் மேடைக்குக் கொண்டுவந்தது சரியல்ல என்று பலர் கண்டித்தார்கள். அமைதிக்காகவே அணிந்தேன், யாரையும் புண்படுத்த அல்ல என்று அவர் விளக்கினார். கண்டித்தவர்களின் பக்கத்திலும் எனக்கு நியாயம் தெரிகிறது, ஏனென்றால் மறுபக்கத்திலும் வீடிழந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த இளைஞன் ஊரை மறந்துவிட்டு ஆட வேண்டும் என்று எதிர்பார்க்க என்னால் முடியவில்லை. சக ஆட்டக்காரர் கொன்ஷாம் சிங்லென்சனாவின் வீடு அந்தக் கலவரத்தில் எரிந்தது. அவரிடம் போய்க் கவலையை வாசலில் விட்டுவிட்டு வா என்று எப்படிச் சொல்வது?

ரசிகர்களைப் பற்றிப் பேசினால், 2024 ஆகஸ்ட் 18 எனக்கு மறக்காது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்துக் கேலரியில் குரல் எழும் என்று தெரிந்ததும், பாதுகாப்பைக் காரணம் காட்டி டுராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதவிருந்த கொல்கத்தா டெர்பியை ரத்து செய்தார்கள். அன்று மாலை ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ரசிகர்கள் சால்ட் லேக் அரங்கின் முன் ஒன்றாகத் திரண்டார்கள். தலைமுறை தலைமுறையாக எதிர்நின்றவர்கள், ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, இரு கிளப் கொடிகளையும் சேர்த்துப் பிடித்தார்கள். காவலர்கள் தடியடி நடத்தினார்கள். மோகன் பகான் கேப்டன் சுபாசிஷ் போஸ் தன் மனைவியோடு அங்கே வந்து நின்றார். ஆட்டம் நடந்திருந்தால் 90 நிமிடங்களும் ஆடப்பட்டு, சில பதாகைகளும் இருந்திருக்கும். ஆட்டத்தைக் கெடுத்தது பதாகை மீதிருந்த பயம்தான். நீலச்சட்டை சொன்ன சேப்பாக்கத்தோடு இதையும் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே காலணி எறிந்தவர்கள் தவறு செய்தார்கள். எறியாமல் பதாகை மட்டும் பிடித்திருந்தால்?

2018 ஜூனில் மும்பையில் 2,569 பேர் மட்டுமே வந்த ஆட்டத்தில் ஹாட்ரிக் அடித்துவிட்டு அன்றைய இந்திய கேப்டன் சுனில் சேத்ரி கைகூப்பிக் கேட்டார்: எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் அரங்கிற்கு வாருங்கள் என்று. அடுத்த ஆட்டத்தில் அரங்கு நிறைந்தது. 2023 மே மாதத்தில் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லிச் சாலையில் இழுத்துச் செல்லப்பட்டபோது, அது எவரையும் நடத்தும் முறையல்ல என்று வெளிப்படையாகச் சொன்னவரும் அதே சேத்ரிதான். முதல் வேண்டுகோளை ஏற்றுக்கொண்ட ரசிகர்களாகிய நாம் இரண்டாவதைக் கேட்கும்போது மட்டும் காதைப் பொத்திக்கொள்வது சரியாகாது.

மாநகராட்சி வேறு, கிளப் வேறு என்ற உங்கள் வேறுபாட்டை ஏற்கிறேன், நண்பரே. ஆனால் நம் கிளப் அடுத்த பத்தாண்டுகளில் களமிறக்கப்போகும் சென்னைப் பையன் இன்று அந்தத் திடல்களில்தான் ஓடிக்கொண்டிருக்கிறான். உள்ளூர் ஆட்டக்காரர்கள் அணியில் போதவில்லை என்று ஒவ்வொரு பருவமும் நாமே புலம்புகிறோம். திடலை மூடிவிட்டு ஆட்டக்காரரை எங்கே தேடுவது?

தோஹா நண்பரின் ஆலோசனையை ஏற்று, பொதுவான விருப்பத்தை விட்டுவிட்டுக் குறிப்பான கோரிக்கையாக வாசகத்தை மாற்றலாம் என்று நினைக்கிறேன்: "9 திடல்கள்: கட்டணம் இல்லை என்று மாமன்றத்தில் தீர்மானம் போடுங்கள்." பழைய தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது மட்டும் போதாது, கட்டணம் விதிக்க மாட்டோம் என்று புதிதாக ஒன்று வேண்டும். நடுவர் ஐயா சொன்னபடி எழுத்தில் அனுமதி கேட்போம். கட்சி நிறம் எதுவும் இருக்காது; நீலத் துணி, வெள்ளை எழுத்து. ஆட்டம் தொடங்கும் முன்பும் இடைவேளையிலும் மட்டும் பிடிப்போம், பந்து ஓடும்போது மடித்து வைத்துவிடுவோம்.

நீலச்சட்டை

இடைவேளையில் மட்டும் என்பது எனக்கு ஏற்புடையது. கட்சி நிறம் கூடாது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்; பிறகு யாராவது வேறொன்றைக் கொண்டுவந்தால் அந்தக் கடிதத்தைக் காட்டி மறுக்கலாம். ஆட்டக்காரர் எவரையும் இதோடு நின்று படம் எடுக்கச் சொல்லக்கூடாது, கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தில் போடச் சொல்லவும் கூடாது என்பது என் நிபந்தனை. துணியின் ஒரு முனையைப் பிடிக்க நான் வருவேனா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. உங்களைத் தடுக்க மாட்டேன், உங்களுக்கு எதிராகக் கூச்சலிடுபவர்களோடும் நிற்க மாட்டேன்.

தோஹாவிலிருந்து

புதிய வாசகம் நன்று. அனுமதிக் கடிதத்தின் ஒரு படியைக் கிளப்புக்கும், ஒரு படியை அந்தந்த வட்ட மாமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். பதில் வந்தால் இங்கேயே பதிவிடுங்கள், வராவிட்டால் அதையும் பதிவிடுங்கள்.

வியாசை மகள்

பெரம்பூர் அண்ணா, வாசகத்தில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் இல்லாத திடலிலும் பெண் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பதில்லை என்பதை மேலே எழுதியிருக்கிறேன். "மாலை 4 முதல் 6 வரை பெண்களுக்கு" என்பது இரண்டாவது வரியாக, முதல் வரியின் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். விளக்கும் கழிப்பறையும் கடிதத்தில் வரட்டும். இதற்கு ஒப்புக்கொண்டால் எங்கள் பயிற்சிக் குழுவிலிருந்து ஆட்களைத் திரட்டும் பொறுப்பை நான் ஏற்கிறேன். துணியைத் தைப்பதற்கும் எங்களிடம் ஆள் இருக்கிறது.

பெரம்பூர் இடதுகால்

ஒப்புக்கொண்டேன், தங்கை. இரண்டு வரிகளும் ஒரே அளவில் இருக்கும். கடிதத்தின் வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் இதே இழையில் இடுகிறேன். நடுவர் ஐயா விதிகள் குறித்த பத்தியைத் திருத்தித் தர வேண்டும்.